புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் தடம்

புக்கிட் பாஞ்சாங் தடம் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் தடமாகும். 1999 நவம்பர் 6ஆம் நாள் இது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 8 கி.மீ. நீளமுள்ள உயர்த்தப்பட்ட பாதையில் ஓட்டுநர் இல்லாமலே ஓடும் இந்த ரயில், புக்கிட் பாஞ்சாங் குடியிருப்பு நகரைச் சுற்றிவந்து, சுவா சூ காங்கில் பயணிகளைப் பெருவிரைவு ரயிலுடன் இணைக்கிறது. 14 நிலையங்களுடன் தொடங்கிய தடத்தில், டென் மைல் ஜங்ஷன் நிலையம் 2019 ஜனவரியில் மூடப்பட்டதால் இப்போது 13 நிலையங்கள் உள்ளன.

'இலகு' என்ற சொல் பெட்டியின் எடையைவிட, அது ஏற்றிச்செல்லும் கூட்டத்தின் அளவையே குறிக்கிறது. இங்கு ஓடுபவை விமான நிலைய முனையங்களுக்கிடையே பயணிகளைக் கொண்டுசெல்லும் வகையைச் சேர்ந்த பெட்டிகள். தனியாகவோ இரண்டாக இணைந்தோ ஓடும். இரும்புச் சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் சக்கரங்கள் இருப்பதால், சாதாரண ரயிலால் இயலாத ஏற்றங்களிலும் குறுகிய வளைவுகளிலும் இவற்றால் செல்ல முடிகிறது.

அந்தத் திறன் இங்கு மிகவும் தேவைப்பட்டது. நகரம் உருவான பிறகே தடம் திட்டமிடப்பட்டது. எனவே, இருக்கும் சாலைகளுக்கு மேலே, அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே கிடைத்த இடத்தில் பாதையை நுழைக்க வேண்டியிருந்தது. இதனால் கிடைத்த நன்மை பெரிது: நிலையம் பலருக்கு வீட்டு வாசலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. சாலை நெரிசலும் சிவப்பு விளக்கும் இந்த ரயிலைத் தடுப்பதில்லை. வீடுகளை மிக நெருங்கிச் செல்லும் இடங்களில், குடியிருப்போரின் அந்தரங்கம் காக்க, பெட்டியின் சன்னல் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும். முதல்முறை பயணம் செய்பவர்கள் இதைப் பழுதென்று நினைத்துவிடக் கூடும்!

குறையும் அதே பாதையிலிருந்துதான் வருகிறது. வளைவுகளிலும் மேடுபள்ளங்களிலும் பெட்டி குலுங்கும். இருக்கைகள் குறைவு என்பதால், காலை நேரத்தில் பெரும்பாலோர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இவற்றைவிட மக்களைச் சலிப்படையச் செய்தது அடிக்கடி நேர்ந்த பழுதுகளே. மின்தடை ஏற்பட்டால் ரயில் பாதையின் நடுவிலேயே நின்றுவிடும். பயணிகள் இறங்கி, தடத்தின் மீதே அடுத்த நிலையத்திற்கு நடந்துசென்ற நாட்களும் உண்டு. இலகு ரயில் பெரும்பாலும் பயணத்தின் முதல் பகுதிதான். அதில் பத்து நிமிடம் இழந்தவருக்கு, அடுத்துப் பிடிக்க வேண்டிய ரயிலும் தவறிப்போகிறது. 2015 டிசம்பரில் டௌன்டவுன் தடம் புக்கிட் பாஞ்சாங்குக்கு வரும்வரை, நகர மையத்திற்கு ரயிலில் செல்ல விரும்பியவர்கள் சுவா சூ காங்கையே நம்பியிருந்தனர்.

இந்தத் தடம் முன்கூட்டித் திட்டமிடாமல் பின்னர் சேர்க்கப்பட்டது என்பதை, போக்குவரத்து அமைச்சராக இருந்த கோ பூன் வான் 2017இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, புதிய பெட்டிகளுக்கும் சமிக்ஞை, மின் வழங்கல் அமைப்புகளின் மேம்பாட்டிற்குமாக 34.4 கோடி சிங்கப்பூர் வெள்ளி மதிப்பிலான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. புதிய பெட்டிகள் 2024இல் ஓடத் தொடங்கின. வளைவுகளும் ஏற்றங்களும் மட்டும் முன்பு இருந்தபடியே உள்ளன.