சேற்றில் சுழலும் சக்கரம்
பின் இருசுக்குப் பிடிப்புக் கூட்டும் சிக்கன வழிகள்

சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மழைக்காலம் ஒரு சோதனைக் காலம். வெளிமாநிலங்களில் குடியேறி, கடன் பெற்று ஒரு பிக்கப் வண்டி வாங்கி, காய்கறியோ, பாலோ, கட்டடச் சாமான்களோ ஏற்றி இறக்கி வாழும் நம்மவர் எத்தனையோ பேர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளோடு வடக்கே சென்று, மாதக்கணக்கில் வயற்காடுகளில் தங்கி உழைப்போரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் வண்டி சேற்றில் ஒரு பகல் அகப்பட்டால் ஒரு பகல் வருமானம் போயிற்று. ஏற்றிய தக்காளி அழுகினால் முதலும் போயிற்று. மீட்கும் அவசரத்தில் இருசு முறிந்தாலோ, அந்த மாதத் தவணையே ஆட்டங் கண்டுவிடும்.

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பர் பெரியோர். இக்காலத் தேருக்கு அச்சாணியைப் போன்ற முக்கியமான உறுப்பு ஒன்று பின் இருசின் நடுவே உருண்டை வடிவில் இருக்கிறது. டிபரன்ஷியல் என்று பெயர். அதை மாற்றினால் வண்டி சேற்றில் அகப்படாது என்று சொல்லி விற்பவர் பலர். எதை மாற்றலாம், எவ்வளவில் நிறுத்தலாம், யாருக்கு அது தேவையே இல்லை என்பதை வாங்குமுன் சிந்திப்பது நலம்.

டிபரன்ஷியல் செய்யும் வேலை

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் நீண்ட தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்திருந்தால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதைத் தவிர்க்கவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளரான பெக்கேர் என்பவர் தமது நீராவி வண்டிக்கு இந்தப் பற்சக்கர அமைப்பைப் பயன்படுத்தினார். இன்றும் அடிப்படைத் தத்துவம் அதுவே. பினியன் கிரௌன் வீலைச் சுழற்றுகிறது. கிரௌன் வீலோடு இணைந்த கூட்டினுள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இரண்டு பக்கத்துத் தண்டுகளுக்கும் விசையைச் சமமாகப் பங்கிடுகின்றன.

அந்தச் சமத்துவமே சேற்றில் வினையாகிறது. ஒரு சக்கரம் வழுக்கினால், அது தாங்கக்கூடிய சிறு விசை எவ்வளவோ அவ்வளவே மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வலிமை இருந்தும் வாளாவிருக்க, சேற்றில் நிற்பது மட்டும் வீணே சுழலும்.

ஒரு சிறு கணக்கு

பின் இருசால் மட்டும் இயங்கும் ஒரு வண்டியின் எடை 1,700 கிலோ எனக் கொள்வோம். பின் சக்கரம் ஒவ்வொன்றும் 400 கிலோ சுமக்கிறது. உலர்ந்த தரையில் சுமையில் பத்தில் ஏழு பங்கு பிடிப்பு கிடைத்தால் அது 280 கிலோ. சேற்றில் பத்தில் ஒரு பங்கே கிடைத்தால் 40 கிலோ. ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று சேற்றிலும் இருக்கும் நிலையில், சாதாரண டிபரன்ஷியல் தரும் மொத்த இழுவிசை 40-உம் 40-உமாக 80 கிலோதான். இருபதுக்கு ஒன்று என்ற சாதாரண ஏற்றத்தில் ஏறவே 85 கிலோ வேண்டும். சேற்றின் தடை அதற்கு மேல். ஆகவே வண்டி நகராது.

வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல், பிடிப்புள்ள சக்கரத்துக்கு இரண்டரை மடங்கு விசை அனுப்பவல்லது என்றால், 40-உம் 100-உமாக 140 கிலோ கிடைக்கும். வண்டி தட்டுத் தடுமாறியேனும் ஏறிவிடும். இரு தண்டுகளையும் முழுமையாகப் பூட்டிவிடும் வகையானால் 40-உம் 280-உமாக 320 கிலோ வரை கிடைக்கும்.

ஆனால், இரு சக்கரங்களுமே சேற்றில் நின்றால் எந்த டிபரன்ஷியலும் அந்த 80-ஐ 81 ஆக்காது. அங்கே பிடிப்பைத் தரவேண்டியது டயரும் சுமையுமே.

முதற்செலவு எங்கே?

ஆதலால் பணத்தை முதலில் டயரில் இடுவதே விவேகம். பள்ளம் தேய்ந்த டயரோடு விலையுயர்ந்த டிபரன்ஷியலைப் பூட்டுவது, ஓட்டைக் குடத்துக்குப் பொன் மூடி செய்வதை ஒக்கும். ஆழ்ந்த பள்ளங்களுள்ள நல்ல டயர், காலி வண்டியானால் பின் இருசுக்கு நேர் மேலே சில மணல் மூட்டைகள், ஒரு மண்வெட்டி, சக்கரத்தின் கீழ் இட இரண்டு வலிய பலகைகள். இவற்றாலேயே பலருடைய தொல்லை தீர்ந்துவிடும். சேற்றைக் கடக்க டயர்க் காற்றைச் சற்றுக் குறைப்பதும் உதவும். தார்ச் சாலை ஏறுமுன் மறுபடியும் நிரப்பிவிட வேண்டும்.

அடுத்தபடி, தம் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அறியவேண்டும். பல கனரக டிப்பர்களில் டிபரன்ஷியல் பூட்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் மின்விசைப் பூட்டு உண்டு. சில புதிய வண்டிகளில், சுழலும் சக்கரத்துக்குத் தானே பிரேக் கொடுத்து மறுபக்கத்துக்கு விசை அனுப்பும் மின்னணுக் கருவியும் இருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தத் தெரியாமல் புதிதாக வாங்கப் புறப்படுவோர் உண்டு.

சோதித்துப் பார்க்க எளிய உபாயம் இது: சமதரையில் முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, பின் இருசின் இரு பக்கங்களையும் உறுதியான ஸ்டாண்டின் மேல் நிறுத்துக. எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுக. மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் பெரும்பாலும் சாதாரண வகை. அதே திசையில் சுழன்றால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை. வேக வித்தியாசம் கண்டபின் பூட்டிக்கொள்ளும் வகை மட்டும், மெதுவாகச் சுழற்றினால் சாதாரண வகையைப் போலவே தோன்றும்.

சந்தையில் உள்ள வகைகள்

உராய்வுத் தட்டு வகை: கிளச்சுத் தட்டுக்களின் உராய்வால் இரு தண்டுகளையும் ஓரளவு பிணைப்பது. 1956-இல் அமெரிக்காவின் பாக்கர்ட் கார்களில் இவ்வகை வந்தது. தார்ச் சாலையில் சாதுவாக நடந்துகொள்ளும். தட்டுக்கள் நாளடைவில் தேயும். தனி எண்ணெய்ச் சேர்ப்பும் தேவை.

பற்சக்கர வகை: சாய்ந்த பற்களின் அழுத்தத்தால் பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்புவது. டார்சன், ட்ரூட்ராக் என்பன இவ்வினம். தேயும் தட்டுக்கள் இல்லை. ஓட்டுபவருக்கு வேலையும் இல்லை. ஒரு குறை: சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடிப்பு பூஜ்யம், பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யமே. அப்போது பிரேக்கை இலேசாக அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் பூஜ்யம் சிறு எண்ணாக மாறி, மறு சக்கரத்துக்கும் விசை பாயும்.

தானாகப் பூட்டும் வகை: இதில் சிக்கனமானது, பழைய கூட்டையே வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களை மட்டும் மாற்றும் ‘லஞ்ச்பாக்ஸ் லாக்கர்’. கிரௌன் வீலைக் கழற்றிப் புதிதாக அளவு வைக்கவேண்டியதில்லையாதலால் கூலியும் குறைவு. சேற்றில் முழுப் பிடிப்பு தரும். ஆயினும் வளைவில் ‘கடகட’ என்று ஒலிக்கும். ஈரச் சாலையில் திரும்பும்போது பின்புறம் இழுக்கும். மேலும் இது வெளிநாட்டில் புகழ்பெற்ற இருசுகளுக்கே மிகுதியாகச் செய்யப்படுகிறது. ஈட்டன் கம்பெனியாரின் யந்திரப் பூட்டு மற்றொரு விதம்: இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டால் தானே பூட்டிக்கொள்ளும், சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் பின் இருசில் இவ்வகைப் பூட்டு இடம்பெற்றது.

வேண்டும்போது பூட்டும் வகை: காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ சாரதி தாமே பூட்டித் திறப்பது. பயனில் முதலிடம், விலையிலும் முதலிடம். காற்று வகைக்குக் கம்ப்ரெஸரும் குழாய்களும் சேரும்.

பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடும் மலிவு வேலை ஒன்றும் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. ஒவ்வொரு வளைவிலும் டயர் தேயும், இருசு முறுகும்; ஒரு நாள் முறியும்.

யாருக்கு எது?

நாளெல்லாம் தார்ச் சாலையில் ஓடி, இடையிடையே மண் பாதையில் இறங்கும் பிக்கப்புக்குப் பற்சக்கர வகையே இசைந்தது. குவாரியிலும் வயலிலும் அன்றாடம் உழல்வதற்கு, வேண்டும்போது பூட்டும் வகை விலைக்கேற்ற பலன் தரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே அகப்படும் வண்டிக்கு டயரும் பலகையும் போதும். விரலுக்குத் தகுந்த வீக்கமே அழகு.

எதை வாங்கினும், கிரௌன் வீலின் விட்டம், தண்டின் பற்களின் எண்ணிக்கை, பற்சக்கர விகிதம் மூன்றும் பொருந்தவேண்டும். விகிதம் அறிய, மேற்சொன்னபடி நிறுத்திய சாதாரண டிபரன்ஷியல் வண்டியில் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரு சுற்றுச் சுற்றி, ப்ரொப்பெல்லர் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுக. நான்கு சுற்றுக்குச் சற்று மேல் என்றால் விகிதம் நான்குக்குச் சற்று மேல்.

பழைய சாமான் கடையில், அதே இருசுக்கு உரிய பூட்டுள்ள டிபரன்ஷியல் முழுமையாகக் கிடைத்தால் அதுவே பெருஞ் சிக்கனம். அதில் கிரௌன் வீலும் பினியனும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். ஜோடி பிரித்தால் ஊளையிடும், பல்லும் உடையும். எண்ணெயை வடித்துப் பார்த்து, இரும்புத் துணுக்குகள் இருந்தால் விலகிவிடுக. பொருத்தும் மெக்கானிக் டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளி அளப்பவராகவும், சாயம் தடவிப் பல் பதிவு பார்ப்பவராகவும் இருத்தல் அவசியம். கையால் ஆட்டிப் பார்த்து “சரி” என்பவரிடம் கொடுக்கலாகாது.

சட்டமும் எச்சரிக்கையும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே பணம் கட்டுமுன் பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, இயலுமானால் எழுத்தில் பெற்றுக்கொள்க. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் விற்றவரையும் கேட்பது நன்று.

பூட்டிய பின் இரண்டு விதிகளை மறவாதீர். முதலாவது, கெட்டித் தரைக்கு வந்தவுடன் பூட்டைத் திறந்துவிடுக. பக்கச் சரிவில் பூட்டியபடி விசை கொடுத்தால் இரு சக்கரமும் ஒருங்கே வழுக்கி வண்டி கீழ்நோக்கிச் சரியும். இரண்டாவது, இத்தகைய வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி எஞ்சினைக் கியரில் ஓட்டலாகாது. தரையில் உள்ள சக்கரமும் சுழன்று வண்டி பாய்ந்துவிடும். அடியில் படுத்திருப்பவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பையனோ, கூட வந்த கிளீனரோதான். வண்டி வாங்கிய வீட்டில் சாரதிக்கு மட்டுமன்றி, வண்டியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் இந்த விதியைச் சொல்லி வைப்பது கடமை.