அந்த நெல்லின் பெயரைக் கேட்டீர்களா?

“ஆப்பிரிக்காவில் ஏது நெல்?” வானொலி நிகழ்ச்சிக்குக் குறிப்பு எடுத்தபோது எனக்கே எழுந்த கேள்வி இது. மாலியில், நைஜர் ஆற்றுச் சமவெளியில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு நெல்லைப் பயிராக்கியிருக்கிறார்கள். நாம் சாப்பிடும் ஆசிய நெல் வேறு, அது வேறு.

களைகளை அமுக்கிக்கொண்டு வளரும் பயிர். ஆனால் முற்றியதும் மணி உதிர்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆசிய நெல் வந்ததும் வயல்களில் அதற்கு இடம் சுருங்கியது. செனகலின் காசமான்ஸ் வட்டாரத்தில் ஜோலா மக்கள் சடங்குகளுக்காக இன்னும் விதைக்கிறார்கள்.

இத்தகைய விதைகளைச் சேகரிக்கப் போகிறவர்கள் ஒரே செடியோடு திரும்புவதில்லை. வயலெங்கும் பல கதிர்களிலிருந்து எடுக்கிறார்கள். ஊர், மண், தண்ணீர், உள்ளூர்ப் பெயர் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். பல ஊர்களில் விதையைத் தேர்ந்து வைப்பவர்கள் பெண்கள். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிக் கதை போச்சு! (பேட்டி எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.)

ஐவரி கோஸ்ட்டில் உள்ள ஆப்பிரிக்க நெல் மையத்தின் விதை வங்கியில் 20,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. 2002-இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் அம்மையமே பெனின் நாட்டுக்கு இடம்பெயர நேர்ந்தது. ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து. 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்டிலும் நகல்கள் இருக்கின்றன.

மைனஸ் 18 டிகிரியிலும் விதைக்கு வயதாகும். முளைப்பு குறைந்தால் மறுபடி விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். எந்த மண், எவ்வளவு தண்ணீர் என்று அப்போது சொல்லப்போவது, அன்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதிய குறிப்புதான்.