மாதிரிகளுக்கு நடுவே எழும் உச்சம்

ஒலிக் குறுந்தகட்டில் ஒவ்வொரு விநாடி இசையும் ஒரு காதுக்கு 44,100 எண்களாகப் பதிவாகிறது. அந்தந்தக் கணத்தில் ஒலியலை எந்த உயரத்தில் இருந்தது என்பதைக் குறிக்கும் இந்த எண்களுக்கு மாதிரிகள் என்று பெயர். 16 பிட் முறையில் மாதிரியின் மதிப்பு 32,767-ஐத் தாண்ட முடியாது என்பதால், அந்த விளிம்பையே 0 டெசிபல் என்று கொண்டு மற்ற அளவுகள் அதற்குக் கீழே கணக்கிடப்படுகின்றன. எந்த மாதிரியும் விளிம்பைத் தாண்டவில்லையென்றால் அலையும் தாண்டவில்லை என்று கருதுவது இயல்பே ஆயினும், அது சரியன்று.

மாதிரி வேகத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்களே அலையில் இருக்குமானால், அந்தப் புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான் என்பது கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவப்பட்ட தேற்றம். எண்களை மின்னலையாக்கும் மாற்றி, அதாவது டி.ஏ.சி. எனப்படும் கருவி, அந்த ஒரே அலையைத்தான் மீட்டெடுக்க முயல்கிறது. அதற்காக அதனுள் இருக்கும் வடிகட்டி, மாதிரிகளுக்கு இடைப்பட்ட மதிப்புகளையும் கணக்கிட்டு நிரப்புகிறது. அலையின் முகடு இரு மாதிரிகளுக்கு நடுவே விழுந்திருந்தால், நிரப்பப்படும் மதிப்பு விளிம்பை மீறக்கூடும். அதற்கு வடிகட்டியில் இடம் ஒதுக்கப்படாவிட்டால் முகடு வெட்டுப்பட்டு, மூலத்தில் இல்லாத ஒலிகள் பிறக்கின்றன.

இதைச் சோதிக்கும் சைகை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. மாதிரி வேகத்தில் சரியாகக் கால் பங்கான 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலையை, 45 பாகைக் கட்ட நகர்வுடன் அமைத்தால், ஒரு சுற்றுக்கு நான்கு மாதிரிகளே கிடைக்கும்; அவை முகட்டுக்கு இரு புறமும் சம தொலைவில் விழுவதால், 32,767 இருமுறை, அதன் எதிர்மறை இருமுறை என்று வரிசை திரும்பத் திரும்ப ஓடும். எண்கள் விளிம்பிலேயே நிற்க, நடுவிலுள்ள உண்மையான முகடோ 46,340-க்கு உயர்கிறது, இது 3.01 டெசிபல் மிகை. அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் பிசகினாலும் மாதிரிகள் மெல்ல நகர்ந்து முகட்டையே தொட்டுவிடும் என்பதால், இங்கே துல்லியம் தவிர்க்க முடியாதது.

கருவிகளின் விவரத்தாள்களில் இந்தக் குறை தென்படாததற்கும் காரணம் உண்டு. வழக்கமான அளவீடு 997 ஹெர்ட்ஸ் அலையைக் கொண்டு செய்யப்படுகிறது. அதில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 44 மாதிரிகள் விழுவதால், முகடு அவற்றிலிருந்து தப்புவதற்கு வழியே இல்லை. ஆகவே, விவரத்தாளில் அச்சிடப்படும் மிகக் குறைந்த திரிபு அளவு பொய்யாகாவிட்டாலும், மாதிரிகளுக்கு நடுவிலுள்ள முகடு வெட்டுப்படுகிறதா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

997 ஹெர்ட்ஸில் முழு அளவுக்கு 2 வோல்ட் தரும் கருவி, 11,025 ஹெர்ட்ஸ் சோதனைச் சைகைக்குச் சுமார் 2.83 வோல்ட் தர வேண்டும். சைகையைக் கீழிருந்து ஒவ்வொரு டெசிபலாக உயர்த்தும்போது வெளியீடும் அதே அளவில் உயர்ந்துகொண்டே வந்து, பிறகு ஓரிடத்தில் தயங்கி நின்றால், வெட்டு அங்கே தொடங்குகிறது என்று பொருள். வெட்டுவது எண்முறை வடிகட்டியா, அதற்குப் பின்னுள்ள மின்சுற்றா என்பதைத் தனியே பிரித்தறிய வேண்டும்.

உண்மையான இசையில் இப்படி ஒரு சைன் அலை வருவதில்லைதான். ஆனால், உச்சங்களை அடக்கும் லிமிட்டர் கொண்டு விளிம்புவரை அழுத்தி உயர்த்தப்பட்ட பாடல்களில் இத்தகைய முகடுகள் அடிக்கடி எழுகின்றன, எம்.பி.3 போன்ற சுருக்க முறைகள் அவற்றை இன்னும் மிகுக்கின்றன. இதனாலேயே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ்.1770 பரிந்துரை, மாதிரிகளை நான்கு மடங்காகப் பெருக்கி உண்மை உச்சத்தை அளக்கும் முறையை வகுத்தது. அந்த முறையிலும் அளவு 0.6 டெசிபலுக்கு மேல் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர்.128 பரிந்துரையில் உச்சத்துக்கு −1 டெசிபல் என்று வரம்பு வைத்ததை மிகையான எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது.

ஏற்கெனவே வெளிவந்துவிட்ட பாடல்களைக் கேட்போருக்கு ஒரு வழி உண்டு. மாற்றிக்குச் செல்லும் முன்பே, இயக்கும் மென்பொருளில் ஒலியளவை மூன்று நான்கு டெசிபல் குறைத்துவிட்டால், பெரும்பாலான முகடுகளுக்கு இடம் கிடைத்துவிடும். 24 பிட் கருவியில் இதனால் ஏற்படும் இழப்பு காதுக்கு எட்டாது. மாற்றிக்குப் பின்னுள்ள ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகுவதால் பயனில்லை, ஏனெனில் வெட்டு அதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது.