கறுப்புத் திராட்சையோடு கொஞ்சம் வெள்ளை

பிரான்சின் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றங்கரையின் செங்குத்தான சரிவுகளில், கல் அடுக்கிக் கட்டிய படித்தட்டுகளில் விளைகிறது கோத் ரோத்தி என்னும் சிவப்பு ஒயினுக்கான திராட்சை.

சிரா என்ற கறுப்புத் திராட்சைதான் இந்த ஒயினுக்கு அடிப்படை. ஆனால், வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையையும் 20 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் தருகிறது. தனித்தனியே ஒயினாக்கிப் பிறகு கலக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகவே நொதிக்கவிட வேண்டும்.

வெள்ளை சேர்ந்தால் சிவப்பு வெளுத்துவிடும் என்றுதானே தோன்றும்? நடப்பது வேறு. வெள்ளைத் திராட்சைத் தோலிலுள்ள சேர்மங்கள் சிவப்பு நிறமிகளோடு இணைந்து, நிறத்தை நிலைக்கச் செய்கின்றன. கூடவே ஆப்ரிகாட் பழத்தை நினைவூட்டும் மணமும் சேர்கிறது. வேதியியல் பிறகு விளக்கியதை, அந்தச் சரிவுகளின் உழவர்கள் அனுபவத்தால் முன்பே அறிந்திருந்தார்கள்.