விரியும் சொல், விரியக் கூடாத இடம்

ஜாவாஸ்கிரிப்டில் ‘ஃபங்ஷன்’ என்பது எட்டெழுத்துச் சொல். அதை நாள் முழுக்கத் தட்டுகிற நிரலாளருக்கு ஈமேக்ஸ் எடிட்டரில் ‘எஃப்என்’ என்ற இரண்டெழுத்து போதும். ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் முழுச்சொல் வந்து நிற்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸில் இந்த வசதியின் பெயர் ‘அப்ரெவ் மோடு’.

கற்றுக்கொடுப்பது எளிது. முழுச்சொல்லைத் தட்டிவிட்டு, கன்ட்ரோல்-எக்ஸ், பிறகு ஏ, பிறகு ஜி. எந்தச் சுருக்கம் வேண்டும் என்று எடிட்டரே கேட்கும். ஜிக்குப் பதிலாக எல் தட்டினால் அந்தச் சுருக்கம் அந்த மொழிக்கான கோப்புகளில் மட்டும் வேலை செய்யும். நிரல் எழுதுகிறவர்கள் இந்த ‘எல்’ வழியைத்தான் பழக வேண்டும். கடிதம் எழுதும்போது ‘ஃபங்ஷன்’ எதற்கு?

ஆனால் பலருடைய ஜாவாஸ்கிரிப்டில் ‘எஃப்என்’ என்பதே ஒரு மாறியின் பெயர். ஸ்பேஸ் மட்டுமல்ல, அடைப்புக்குறியோ காற்புள்ளியோ தட்டினாலும் சுருக்கம் விரியும். மாறியின் பெயர் சிதைந்து நிரல் உடையும். ஒருமுறை தடுக்க வேண்டுமானால் அந்தக் குறிக்கு முன்னால் கன்ட்ரோல்-க்யூ தட்டலாம். ஒவ்வொரு முறையும் அதை நினைவில் வைப்பது யாருக்கும் ஆகாது.

நிலையான தீர்வு, சுருக்கத்தோடு ஒரு காவல் விதியை இணைப்பது. விரிக்கும் முன் ஈமேக்ஸ் அந்த விதியைக் கேட்கும். ‘ஆம்’ என்றால்தான் விரிக்கும். விதியை லிஸ்ப் மொழியில் சில வரிகளில் எழுதிவிடலாம். கர்சர் குறிப்புரைக்குள் இருக்கிறதா, மேற்கோளுக்குள் இருக்கிறதா, இப்போது தட்டியது ஸ்பேஸ்தானா, முந்தைய சொல் ‘கான்ஸ்ட்’ அல்லது ‘லெட்’டா என்றெல்லாம் அது பார்க்கலாம். சுருக்கங்களைக் குவிப்பதைவிட இந்த விதிகளை யோசித்து எழுதுவதில்தான் இந்த வசதியின் முழுப் பயனும் இருக்கிறது என்பேன்.

விரிந்த பிறகும் ஒரு வேலையை ஒப்படைக்கலாம்: அடைப்புக்குறிகளைப் போட்டு, கர்சரை அவற்றின் நடுவே நிறுத்துவது. அப்போது நாம் தட்டிய ஸ்பேஸ் அங்கே ஒட்டிக்கொள்ளாமல் விழுங்கிவிடவும் வழி உண்டு.

ஒவ்வொரு சுருக்கமும் எத்தனை முறை விரிந்தது என்ற எண்ணிக்கையையும் ஈமேக்ஸ் வைத்திருக்கிறது. ‘லிஸ்ட்-அப்ரெவ்ஸ்’ கட்டளை கொடுத்தால் பட்டியலோடு அதுவும் தெரியும். மாதக்கணக்கில் பூஜ்யத்திலேயே நிற்பவற்றை நீக்கிவிடலாம். தேவையில்லாத இடத்தில் விரிய ஒன்று குறையும்.