ஓவர்கிளாக் கணிப்பொறி: மதர்போர்டும் பிராசஸரும் வாங்குமுன்

நம் சங்க உறுப்பினர்கள் வீடுகளில் இப்போது ஒரு புதுச் செலவு தலைகாட்டியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகனோ பேரனோ விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறி கேட்கிறான். கடையில் பில் போடுகிற கணிப்பொறி போல ஒரே பெட்டியாக வாங்கினால் போதாதாம். பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டுமாம், பிறகு அதை 'ஓவர்கிளாக்' செய்ய வேண்டுமாம். அவன் நீட்டுகிற எஸ்டிமேட் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. பருப்பு மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர்கள், இந்தத் தாளில் எழுதியிருப்பது புரியவில்லை என்பதாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். சரக்கைத் தரம் பார்த்துக் கொள்முதல் செய்யத் தெரிந்தவருக்கு இது புரியாத விஷயமே இல்லை.

பிராசஸர் என்பது கணக்குப் போடும் சில்லு. மதர்போர்டு என்பது அந்தச் சில்லும் மற்ற பாகங்களும் உட்காரும் பலகை. மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதும், ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கொண்டு போவதும் அதன் வேலை. பிராசஸர் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. நொடிக்கு நூறு கோடி தட்டு என்றால் ஒரு கிகாஹெர்ட்ஸ். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த தாளத்தைவிட வேகமாக அதை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்.

குறித்ததற்கு மேல் ஓட்ட இடம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நம் தொழில் வந்து சேருகிறது. 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டமான சிலிக்கன் தகட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒரே நேரத்தில் அச்சாகின்றன. ஒரே தகடு, ஒரே உலை, ஒரே ஆட்கள். ஆனாலும் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே காட்டில் விளைந்த உளுந்தில் பருமனும் பொடியும் கலந்து வருவது போலத்தான். நாம் சார்டெக்ஸில் ஓட்டிப் பிரிக்கிறோம். அவர்கள் ஒவ்வொரு சில்லையும் சோதித்துப் பிரிக்கிறார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் அதிக வேகம் ஓடுவது முதல் ரகம். ஒரு மூலை பழுதானது தள்ளுபடி ஆகிவிடாது. அந்த மூலையை மூடிவிட்டு இரண்டாம் ரகமாக விற்கிறார்கள். இண்டெல் நிறுவனத்தின் ஐ9-13900கே, ஐ7-13700கே இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சில்லுதான். முன்னதில் 24 கோர், பின்னதில் 16 கோர் திறந்திருக்கும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 பிராசஸரிலும் எட்டு கோர் உள்ள சில்லில் ஆறுதான் வேலை செய்யும்.

இரண்டாம் ரகத்துக்குக் கிராக்கி ஏறி, குடோனில் முதல் ரகம் மிஞ்சிக் கிடந்தால் வியாபாரி என்ன செய்வார்? முதல் ரகத்தையே இரண்டாம் ரகச் சாக்கில் கட்டி அனுப்புவார். வாங்கியவருக்கு யோகம். ஓவர்கிளாக் செய்பவர்கள் தேடுவது அந்த யோகத்தைத்தான்.

இதற்குப் பெயர் பெற்ற உதாரணம் 1998-ல் இண்டெல் வெளியிட்ட செலிரான் 300ஏ. வெளியீட்டு விலை 149 டாலர். வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி அந்த வேகம் வந்தது. மடங்கை மாற்ற முடியாது, பூட்டியிருந்தார்கள். ஆனால் அப்போது வந்த 440பிஎக்ஸ் ரக மதர்போர்டுகளில் 66-ஐ 100 ஆக்க முடிந்தது. நாலரை மடங்கு 450. அதே ஆண்டு அதே 450 மெகாஹெர்ட்ஸில் வந்த பென்டியம் 2-வின் விலை 669 டாலர். விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். எல்லாச் சில்லும் ஓடவில்லை என்றாலும் பெரும்பாலானவை ஓடின. கால்வாசி விலையில் முதல் ரகம்! ஓவர்கிளாக் என்ற பழக்கம் பையன்களிடையே பரவியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இதில் பிராசஸருக்குச் சமமாக மதர்போர்டையும் பார்க்க வேண்டும். தாளத்தை 100-க்கு ஏற்ற வழியில்லாத பலகையில் உட்கார்ந்திருந்தால் அதே செலிரான் 300-லேயே கிடந்திருக்கும்.

இதே இடைவெளியைக் கலப்படக்காரர்களும் விட்டுவைக்கவில்லை. குறைந்த வேகச் சில்லின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தை அச்சடித்து, கூடுதல் விலைக்கு விற்றார்கள். 1990-களில் பல நாடுகளில் இது நடந்தது. மடங்கைப் பூட்டும் பழக்கம் வந்ததற்கு இந்தத் திருட்டும் ஒரு காரணம். பிற்பாடு பூட்டைத் திறந்து விடுவதையே தனிச் சரக்காக்கி இண்டெல் விலை வைத்தது. 2010 முதல் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து வந்தால் மடங்கைக் கூட்டலாம் என்று பொருள். 2011-ல் வந்த ஐ5-2500கே அந்த வகையில் பேர் வாங்கியது. அது குறித்த வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். நல்ல விசிறி வைத்து 4.5 வரை ஓட்டியவர்கள் ஏராளம்.

இப்போது நிலைமை வேறு. தயாரிப்பாளர்களே சில்லைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்துதான் விற்கிறார்கள். ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே, சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால், தானாக 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். அதற்கு மேல் நாம் ஏற்றினால் கிடைப்பது நூற்றுக்குச் சில விழுக்காடுதான். செலிரான் காலத்தில் நூற்றுக்கு ஐம்பது கிடைத்தது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இன்று அதே லாபத்தை எதிர்பார்த்துப் பணம் போட்டால் வட்டிக்கும் கட்டாது.

சரி, பையன் கேட்கிறான், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எஸ்டிமேட்டில் முதலில் பார்க்க வேண்டியது பொருத்தம். இண்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு இசட்690, இசட்790 என்று 'இசட்' எழுத்தில் தொடங்கும் சிப்செட் உள்ள பலகையில்தான் மடங்கைக் கூட்ட முடியும். பி760, எச்610 பலகைகளில் முடியாது. 'கே' பிராசஸரையும் பி760 பலகையையும் சேர்த்து எழுதியிருந்தால், ஓவர்கிளாக் செய்வதற்காகப் பிராசஸருக்குக் கொடுத்த கூடுதல் விலை வீண். 'கே' இல்லாத பிராசஸரோடு இசட்790 எழுதியிருந்தால் பலகைக்குக் கொடுத்தது வீண். இப்படி ஜோடி சேராத எஸ்டிமேட்டுகள் நம் பார்வைக்கே வந்திருக்கின்றன. எழுதிக் கொடுத்த கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தாராளம். ரைசன் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. பலகையில் ஏ620, பி840 இரண்டும் ஆகாது. பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 இவற்றில் செய்யலாம். இன்னொரு அனுகூலம், சாக்கெட் எனப்படும் உட்காரும் இடம். 2017-ல் ரைசனோடு வந்த ஏஎம்4 பலகைகள் பலவற்றில், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யையும் மென்பொருளைப் புதுப்பித்துப் பொருத்த முடிந்தது. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதுப் பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இண்டெல்லோ 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குச் சாக்கெட்டையே மாற்றிவிட்டது. பழைய பலகையில் புதியது உட்காராது. நான்கு வருடம் கழித்துப் பையன் மறுபடி வந்து நிற்பான் என்பதை யோசித்து வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது மின்சாரம். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்குத் தேவை சுமார் 1.3 வோல்ட். பலகையில் பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் பாகங்கள் இதை இறக்கிக் கொடுக்கின்றன. ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் எடுக்கும் என்று இண்டெல்லே குறித்திருக்கிறது. 1.3 வோல்ட்டில் 253 வாட் என்றால் கிட்டத்தட்ட 195 ஆம்பியர். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுப்பது நாலைந்து ஆம்பியர்தான். இவ்வளவும் தபால் தலை அளவு இடத்துக்குள் போகிறது. ஆகவே, மலிவுப் பலகையில் இந்தப் பாகங்கள் குறைவாகவும், மேலே சூடு தணிக்கும் உலோகத் துண்டு இல்லாமலும் இருந்தால், பிராசஸர் எவ்வளவு நல்ல ரகமானாலும் பலகை சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். பலகையில் எரியும் கலர் விளக்குகளுக்கு விலை கொடுக்க வேண்டாம். இந்த உலோகத் துண்டுக்குக் கொடுக்கலாம்.

வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். சூடு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் ஏறும். இரண்டையும் பத்துப் பத்து விழுக்காடு கூட்டினால் வேகம் பத்து விழுக்காடு ஏறும், சூடோ 33 விழுக்காடு ஏறும். வரவு பத்து, செலவு முப்பத்து மூன்று. இதிலும் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் பாரம் உண்டு. வெளிநாட்டுச் சோதனைகள் 21, 22 டிகிரி குளிர்ந்த அறையில் நடக்கின்றன. விருதுநகரிலோ வேலூரிலோ மே மாதம் மாடி அறை 36 டிகிரி இருக்கும். விசிறியானாலும் தண்ணீர்க் குழாயானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அங்கே 80 டிகிரி காட்டியது இங்கே 95-ஐ நெருங்கும். ஐ9-14900கே-க்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். கூட்டிய வேகத்தைச் சூடு தின்றுவிடும்.

மின்னழுத்தம் கூடினால் சில்லு தேய்கிறது என்பது அச்சுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, பலகைகள் கொடுத்த அதிக மின்னழுத்தத்தால் கருகிப் போயின. சில்லின் ஒரு பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு போட வேண்டி வந்தது. 2024-ல் இண்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்களில் விளையாட்டு நடுவில் நின்று போகும் கோளாறு பெருகியது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சில்லைத் தேய்த்துவிட்டது என்று இண்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்த மென்பொருள் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. இது ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் நேர்ந்தது. அந்தத் தலைமுறைப் பிராசஸரை வைத்திருப்பவர்கள் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துக் கொண்டார்களா என்று பார்க்க வேண்டும். பழைய பிராசஸராக வாங்குகிறவர்கள், முந்தியவர் அதை எப்படி ஓட்டினார் என்று அறிய வழியில்லை என்பதால், வாங்காமலிருப்பதே உத்தமம்.

விளையாட்டுக்கு என்றால் நம் அபிப்பிராயம் இதுதான். ஏஎம்டி-யின் எக்ஸ்3டி வகைப் பிராசஸர் ஒன்று, நடுத்தர விலையில் ஒரு பி650 அல்லது பி850 பலகை. ரைசன் 7 7800எக்ஸ்3டி-யிலும் 9800எக்ஸ்3டி-யிலும் சில்லோடு ஒட்டிய 96 மெகாபைட் கேஷ் நினைவகம் இருக்கிறது. கல்லாப் பெட்டி பக்கத்திலேயே சில்லறை வைத்திருப்பது போல, தேவைப்படும் தகவலைத் தேடிக் குடோனுக்கு ஓட வேண்டியதில்லை. ஓவர்கிளாக் செய்யாமலே விளையாட்டுகளில் இவை முன் வரிசையில் நிற்கின்றன, மின்சாரமும் குறைவாக இழுக்கின்றன. மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் திரையில் கண்ணுக்குத் தெரியும். பையன் ஏதாவது நோண்டித்தான் ஆவேன் என்றால், மின்னழுத்தத்தைக் குறைத்து அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். நம் வெயிலுக்கு அந்த வித்தைதான் பொருந்தும். டிடிஆர்5 மெமரியைக் குறித்ததற்கு மேல் ஓட்ட உதவும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும். வாரண்டி விஷயத்தில் அதை மறக்கக் கூடாது.

வாங்கும்போது சீல் உடையாத பெட்டியாகக் கேட்க வேண்டும். பெட்டியில்லாமல் தட்டில் வரும் 'டிரே' பிராசஸர் விலை குறைவுதான். ஆனால் இண்டெல் சரக்கில் அதற்கு வாரண்டி கொடுப்பது விற்ற கடைக்காரர், இண்டெல் இல்லை. ரிச்சி தெருவில் இன்று திறந்து அடுத்த வருடம் வேறு பெயரில் இருக்கும் கடையில் வாங்கினால் அந்த வாரண்டியை யாரிடம் கேட்பது? பெட்டியில் உள்ள எண்ணும் பிராசஸர் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே சரி பார்க்கலாம். பில் கட்டாயம். பையனின் கணிப்பொறியைக் கடைக் கணக்கில் எழுதி ஜிஎஸ்டி-யில் உள்ளீட்டு வரி எடுக்க நினைக்க வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். வேகம் கூட்டக் கற்றுக்கொண்ட பையன் அடுத்துக் கை வைப்பது கடைக் கணிப்பொறியில். "பில் சீக்கிரம் வரும் அப்பா" என்பான். விளையாட்டு நின்று போனால் மறுபடி தொடங்கலாம். எல்லை மீறி ஓடும் பிராசஸர் எப்போதும் நின்று போய்க் காட்டிக் கொடுக்காது. சில நேரம் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பிரைம்95 போன்ற மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விடை தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி அது ஒப்பிட்டுப் பார்க்கும். அதில் தேறியது கூட மே மாத வெயிலில் தேறும் என்று சொல்ல முடியாது. பாக்கிதாரர் கணக்கும் சரக்கு இருப்பும் உள்ள ஃபைல் கெட்டால், கெட்ட பிரதியே அன்றிரவு பேக்கப்பிலும் போய் உட்காரும். கடைக் கணிப்பொறி மந்தமாக இருந்தால் மெமரியைக் கூட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். பில் போடுகிற வேலைக்கு அதிலேயே வித்தியாசம் தெரியும். அதன் பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைக் கல்லாச் சாவியோடு வைத்துக் கொள்ளவும்.