சொல்லுக்கும் ஆண் பெண் உண்டோ?

ஞாயிறு ஆணா, பெண்ணா? பிரெஞ்சு மொழியாளரைக் கேட்பின் ஞாயிறு ஆண், திங்கள் பெண் என்பர். அவர்தம் அயலாரான ஜேர்மானியரோ ஞாயிற்றைப் பெண்பாலாகவும் திங்களை ஆண்பாலாகவும் வழங்குவர். சுடர்கள் மாறவில்லை, எல்லை கடந்ததும் இலக்கணமே மாறிற்று.

சொல்லை நோக்கிப் பால் வகுக்கும் மொழிகளுள் வடமொழியும் ஒன்று. மனைவியைக் குறிக்கும் 'பார்யா' அம்மொழியிற் பெண்பால். அதே பொருள் தரும் 'தார' ஆண்பால். அதுவும் பன்மையில் வருவது. 'களத்ர' என்பதோ இரண்டுமல்லாத நபும்சகலிங்கம். ஒருத்தியே மூன்று பாலிலும் நிற்கின்றாள்! ஜேர்மன் மொழியிற் சிறுமியைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறு ஆணுமன்று, பெண்ணுமன்று. சிறுமைப்பொருள் தரும் விகுதி அச்சொல்லின் ஈற்றில் நிற்பதே காரணம்; அவ்விகுதி எச்சொல்லோடு சேரினும் அதனை நடுப்பாலாக்கிவிடும்.

தமிழ் பொருளை நோக்கிற்று. தொல்காப்பியர் முதலில் உயர்திணை, அஃறிணை எனப் பிரித்தார். பின்னரே ஐம்பாலை வகுத்தார். உயர்திணை ஒருமையில் மட்டுமே ஆண் வேறு, பெண் வேறு. பலர்பாலில் அவ்வேறுபாடு இல்லை. ஆதலின் மேசையும் கதிரையும் எப்பாலென நம் மாணவர் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. தமிழின் உடன்பிறப்பான தெலுங்கு வேறு வழி சென்றது. ஆங்கு ஆடவன் வந்தால் வினைமுற்று வேறு. பெண் வந்தாலும் பசு வந்தாலும் ஒருமையில் வினைமுற்று ஒன்றே. பன்மையிலோ மகளிர் ஆடவரோடு சேர்ந்துவிடுவர்.

இனி, நம் மொழியில் இடர்ப்பாடே இல்லையோ எனின், உண்டு. மாணவனுக்கு மாணவி உண்டு. புலவனுக்குப் புலவி என்போமாயின் அது ஊடலைக் குறித்துவிடும்! அறிஞனுக்கும் கவிஞனுக்கும் இணையான பெண்பாற் சொல் பழவழக்கில் இல்லை. ஔவையார் பாடிய மொழியில் இக்குறை ஏன் பெரிதாகத் தோன்றவில்லை? 'அர்' விகுதி கைகொடுத்ததே காரணம். புலவர் என்றால் இருபாலும் அடங்கும். 1960ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானபோது, அப்பதவிப் பெயரில் ஓரெழுத்தையும் நாம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறர் வேறு வழியை நாடினர். 2005இல் ஜேர்மனியில் முதன்முறையாக ஒரு பெண் அரசுத் தலைமையை ஏற்றார். அப்பதவியின் பெண்பால் வடிவமே அவ்வாண்டின் சொல்லாக ஆங்குத் தெரிவுசெய்யப்பட்டது. நெடுங்காலம் தயங்கிய பிரெஞ்சுக் கழகமும் 2019இல் தொழிற்பெயர்களின் பெண்பால் வடிவங்களுக்கு இசைந்தது. பெயரிற் காணாதவரை மக்கள் மனத்திலும் காணார் என்பது அவர்கள் கருத்து.

இக்கருத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. 'அறிஞர்' என்றதும் நம் உள்ளத்தில் எழும் உருவம் ஆணா, பெண்ணா? விகுதி இருவருக்கும் இடந்தந்தது, நினைவு தந்ததா? வினாத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். கடைக்குச் சென்று கணக்குப் பார்ப்பவன் ஒருவன். வண்டி ஓட்டுபவன் ஒருவன். விடை எழுதுவோருட் பலர் மாணவியர். ஒருவன், ஒருத்தி என்பவற்றோடு, இருபாலுக்கும் உரியதாய் 'ஒருவர்' என்னும் சொல்லையும் தொல்காப்பியர் காட்டிச் சென்றார். அச்சொல்லைக் கையாள்வதற்குப் புதிய இலக்கணம் வேண்டியதில்லை. எழுதுவோரின் எண்ணம் மாறினாற் போதும்.